சித்தி கல்யாண டிவிடியும் டிஸ்க் போட இடமில்லாத லேப்டாப்பும்

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ சித்திகிட்ட இருந்து போன். "ஏன்டா, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? என் கல்யாண டிவிடி உங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு. அத எடுத்து எனக்கு போன்ல பார்க்கிற மாதிரி அனுப்பி விடு" என்றார். அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சு சரின்னுட்டேன்.

டிஸ்க் கிடைச்சது. 2009-ல எழுதினது, ரெண்டு டிஸ்க், மேலே சித்தி சித்தப்பா போட்டோ ஒட்டின பிளாஸ்டிக் கவர். என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிஸ்க் போட இடமே இல்லை. பரண்ல இருந்து பழைய டிவிடி ப்ளேயரை இறக்கினா, அதுல சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு பின். எங்க டிவியில ஹெச்டிஎம்ஐ மட்டும். காலேஜுக்குத் திரும்பி வந்து கிளாஸ் குரூப்ல "யார்கிட்டயாவது டிவிடி டிரைவ் இருக்கா?"ன்னு கேட்டேன். அறுபது பேர்ல ஒருத்தன் மட்டும் இருக்குன்னான், அதுவும் அவங்க அண்ணனோடது.

நாம எல்லாம் சின்ன வயசுல டிஸ்க் போட்டுப் படம் பார்த்தவங்கதான். எப்போ நிறுத்தினோம்னு யோசிச்சா சரியா ஞாபகம் வராது. அந்த மாற்றம் ஏன் நடந்தது, உள்ளே என்ன மாறிச்சுன்னு தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதறேன். சித்தி டிவிடி என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

கேசட் கடை

என் பெரிய மாமா துறையூர்ல கடை வச்சிருந்தார். விசிடி, டிவிடி வாடகைக்கு விடற கடை. வீடியோ கேசட் காலம் முடிஞ்சு பல வருஷம் ஆனாலும் ஊர்ல எல்லாரும் அதை கேசட் கடைன்னுதான் சொல்வாங்க. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், நீள நோட்டுல பேர் எழுதிக்குவார். டிஸ்க் திரும்பி வந்ததும் மாமா முதல்ல செய்யறது, அதை டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சு கீறல் பார்க்கிறது. அப்புறம் மெல்லிய துணியால துடைப்பார். வட்டமா துடைக்க மாட்டார். நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர் கோடா இழுப்பார். "அப்படித்தான்டா துடைக்கணும்"னு சொல்வாரே தவிர காரணம் சொன்னதில்லை.

காரணம் ரொம்ப அழகானது. டிஸ்க்குல தகவல் எல்லாம் உள்ளே இருந்து வெளியே போகும் ஒரே நீளமான சுருள் பாதையில இருக்கு. வட்டமா துடைச்சா, துணியில இருக்கிற மணல் துகள் அந்தப் பாதை ஓடற திசையிலேயே கீறும். அடுத்தடுத்த பிட்டுகள் நீளமா ஒரேயடியா போயிடும். நேர் கோடா இழுத்தா, கீறல் பாதையைக் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத் துண்டுதான் போகும், அதை ரீட்-சாலமன் கோட் சரி பண்ணிடும். ஈசிஇ பசங்க இதை இன்ஃபர்மேஷன் தியரி பேப்பர்ல பார்த்திருப்பீங்க. ஆடியோ சிடியில பாதையோட நீளத்துல சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் தொடர்ச்சியா போனாலும், காணாமப் போன பிட்டுகளைக் கணக்குப் போட்டே திரும்ப எடுத்துடலாம். தகவலை வரிசையா எழுதாம கலைச்சுப் போட்டு எழுதறதுதான் அந்த வித்தை. கீறல் ஒரு இடத்துல விழுந்தாலும், அடி பல பிளாக்குகளுக்குப் பகிர்ந்து போயிடும்.

ஒரு படத்துக்கு ஏன் ரெண்டு மூணு டிஸ்க்?

விசிடி 1993-ல வந்த தரநிலை. படம் 352 X 288 பிக்சல். இன்னைக்கு நம்ம போன் ஸ்கிரீன்ல ஸ்டாம்ப் சைஸ்தான் வரும். இதையே அமுக்காம அப்படியே வச்சா எவ்வளவு ஆகும்? ஒரு பிக்சலுக்கு சராசரியா 12 பிட், செகண்டுக்கு 25 பிரேம். பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு 30 மெகாபிட். சிடி பிளேயர் தர்ற வேகம் 1.4 மெகாபிட்தான். அதுல சத்தத்துக்கு 224 கிலோபிட் ஒதுக்கணும். மிச்சம் படத்துக்கு 1.15 மெகாபிட். அதாவது 26-ல ஒரு பங்கா அமுக்கணும். எம்பெக்-1 அதைத்தான் செஞ்சது. சண்டைக் காட்சியில படம் கட்டம் கட்டமா உடைஞ்சதுக்கு டிஸ்க் கெட்டுப் போனது மட்டும் காரணம் இல்லை, அந்த 1.15 மெகாபிட்டுக்குள்ள அவ்வளவு அசைவு அடங்காது.

ஒரு டிஸ்க்குல 74 நிமிஷம். ரெண்டே முக்கால் மணி நேரப் படம்னா மூணு டிஸ்க் வேணும். டிஸ்க் மாத்த எழுந்து போறவங்கதான் தண்ணியும் கொண்டு வரணும்னு எங்க வீட்டுல ஒரு சட்டம் இருந்தது.

இங்க ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமா இருந்தது. 74 நிமிஷ சிடியில கம்ப்யூட்டர் ஃபைல் எழுதினா சுமார் 680 மெகாபைட்தான் பிடிக்கும். அதே டிஸ்க்குல விசிடி எழுதினா 770 மெகாபைட் வரைக்கும் பிடிக்கும். டிஸ்க் ஒண்ணு, குழி ஒண்ணு, எப்படி? கம்ப்யூட்டர் டேட்டாவுக்கு ஒவ்வொரு செக்டர்லயும் 2048 பைட் தகவல் போக, கூடுதலா ஒரு அடுக்கு பிழை திருத்தும் பைட்டுகளும் எழுதணும். விசிடியில அந்தக் கூடுதல் அடுக்கை எடுத்துட்டு அங்கேயும் படத்தையே எழுதினாங்க, செக்டருக்கு 2324 பைட். ஒரு புரோகிராம் ஃபைல்ல ஒரு பிட் மாறினா ஃபைலே போச்சு. படத்துல ஒரு பிட் மாறினா ஒரு செகண்ட் ஒரு கட்டம் பச்சையாத் தெரியும், அப்புறம் சரியாயிடும். எந்த இடத்துல தப்பு நடந்தா பரவாயில்லைன்னு முதல்லயே முடிவு பண்ணி, அதுக்கேத்த மாதிரி காசைச் செலவழிச்சிருக்காங்க.

டிவிடி வந்ததும் லேசரோட அலைநீளம் 780 நானோமீட்டர்ல இருந்து 650-க்கு இறங்கிச்சு. குழி சின்னதாச்சு, பாதைகளுக்கு நடுவுல இருந்த இடைவெளி 1.6 மைக்ரானில் இருந்து 0.74-ஆ குறைஞ்சது. ஒரு அடுக்குல 4.7 ஜிபி. ரெண்டரை மணி நேரப் படத்துக்கு வகுத்தா செகண்டுக்கு நாலு மெகாபிட்டுக்கு மேல கிடைக்கும். 720 X 576 பிக்சல் படத்துக்கு அது தாராளம். நம்ம ஊர்ல என்ன பண்ணாங்கன்னா, அந்த 4.7 ஜிபியில மூணு படத்தைத் திணிச்சாங்க. "3 இன் 1"னு மேல போட்டிருக்கும். கணக்குப் போட்டா செகண்டுக்கு 1.4 மெகாபிட், அதாவது விசிடி வேகம்தான்! டிவிடின்னு பேர், படம் மட்டும் விசிடி மாதிரி கலங்கலா. காசு கொடுத்தவங்களுக்கு அது குறையாத் தெரியலை. ஒரு டிஸ்க்குல மூணு படம்னா யாருக்குத்தான் கசக்கும்?

அந்தச் சமயத்துல திருட்டு விசிடிதான் பெரிய பேச்சு. தமிழ்நாட்டுல 2004-ல குண்டர் சட்டத்தைத் திருத்தி, அதுக்குள்ள வீடியோ திருடர்களையும் சேர்த்தாங்க. இன்னொரு பக்கம் காலி டிஸ்க் தயாரிச்சுக்கிட்டு இருந்த மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்குல வேற வழியில வந்தது: விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். ஒரிஜினலே திருட்டு டிஸ்க் விலைக்கு வந்தா எதுக்குத் திருட்டு? நல்ல யோசனை. ஆனா டிஸ்க்குங்கிற பொருளோட காலமே முடிஞ்சுக்கிட்டு இருந்தது. 2018-ல அந்த நிறுவனத்தைக் கலைச்சு விற்க உத்தரவு வந்துருச்சு.

டேட்டா விலைக் கணக்கு

டிஸ்க் போய் ஸ்ட்ரீமிங் உடனே வந்துடலை. நடுவுல ஒரு மெமரி கார்டு காலம் இருந்தது. மாமா கடையில டிஸ்க் ரேக் ஒரு சுவரா சுருங்கி, மேஜை மேல ஒரு கம்ப்யூட்டர் வந்தது. போன்ல இருந்து கார்டைக் கழட்டிக் கொடுத்தா அஞ்சு படம், ஐம்பது பாட்டு ஏத்திக் கொடுப்பார். சட்டப்படி அது தப்பு. அவருக்கும் தெரியும், வாங்கினவங்களுக்கும் தெரியும்.

ஸ்ட்ரீமிங் ஏன் அப்போவே வரலை? டெக்னாலஜி இல்லாம இல்லை. 2009-லயே ஆப்பிள் ஹெச்எல்எஸ் வெளியிட்டாச்சு. தடுத்தது டேட்டா விலைதான். 2016-க்கு முன்னாடி ஒரு ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல. ரெண்டரை மணி நேரப் படத்தை செகண்டுக்கு 2 மெகாபிட்ல பார்த்தா 2.25 ஜிபி. அதாவது ஒரு படத்துக்கு 450 ரூபாய்க்குக் குறையாது. மாமா கடையில பத்து ரூபாய். யார் ஸ்ட்ரீம் பண்ணுவா?

இதே கணக்கை அமெரிக்காவுல போட்டவங்கதான் நெட்ஃபிளிக்ஸ். 1998-ல அவங்க டிவிடியை தபால்ல அனுப்பித்தான் தொழிலைத் தொடங்கினாங்க. அப்போ வீட்டு இணையம்னா டயல்-அப், செகண்டுக்கு 56 கிலோபிட். ஒரு 4.7 ஜிபி டிஸ்க்கை அதுல இறக்கணும்னா விடாம ஏழரை நாளுக்கு மேல ஆகும். தபால்காரர் அதுக்கு முன்னாடியே கொண்டு வந்துடுவார். டானன்பாம் எழுதின நெட்வொர்க்ஸ் புத்தகத்துல டேப் ஏத்தின வண்டியோட பேண்ட்வித்தைப் பத்தி ஒரு கணக்கு வருமே, அதே கதைதான். இணையம் தபாலை முந்தினதும், 2007-ல ஸ்ட்ரீமிங் தொடங்கினாங்க. தபால் டிவிடி உடனே நின்னுடலை. கடைசி டிஸ்க் போனது 2023 செப்டம்பர் 29-ல. 25 வருஷத்துல 500 கோடிக்கும் மேல டிஸ்க் அனுப்பியிருக்காங்க.

இங்கே, தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு வழி திறக்கப் பார்த்தவங்க ரெண்டு பேரை மறக்கக் கூடாது. 2013-ல கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டிடிஹெச்ல நேரா வீட்டுக்குக் கொடுக்கப் பார்த்தார். தியேட்டர்காரங்க எதிர்த்தாங்க, அந்தத் திட்டம் நடக்கலை. 2015 மார்ச்சுல சேரன் 'சி2ஹெச்' ஆரம்பிச்சு, தன்னோட 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரா 50 ரூபாய் டிவிடியா வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதுவும் நிலைக்கலை. அவங்க யோசனை தப்புன்னு எனக்குத் தோணலை. சேரன் பிடிச்ச வண்டி டிஸ்க், அது ஏற்கெனவே கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டிருந்தது. அடுத்த வருஷம் ஜனவரியில நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பர் 5-ல ஜியோ இலவச டேட்டாவோட வந்தது, டிசம்பர்ல பிரைம் வீடியோ. 2020 மே 29-ல, தியேட்டர் எல்லாம் மூடியிருந்தப்போ, 'பொன்மகள் வந்தாள்' நேரா வீட்டுக்கே வந்துருச்சு.

மாமா கடை இப்போ ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட்.

பிளே அழுத்தினதும் என்ன நடக்குது?

டிஸ்க்குல படம் ஒரே ஓட்டமா இருக்கும். ஸ்ட்ரீமிங்ல படத்தை ஆறு செகண்ட் மாதிரி துண்டு துண்டா வெட்டி வச்சிருப்பாங்க. ரெண்டரை மணி நேரம்னா 1500 துண்டு. ஒவ்வொரு துண்டும் பல தரத்துல இருக்கும், 240பி-யில இருந்து 4கே வரைக்கும். ஆறு தரம்னு வச்சுக்கிட்டா ஒரே படத்துக்கு 9000 ஃபைல். எந்தத் துண்டு எங்க இருக்குங்கிற பட்டியல் ஒண்ணு முதல்ல உங்க போனுக்கு வரும். அப்புறம் எல்லா முடிவும் உங்க போன் எடுக்கிறதுதான். போன துண்டு எவ்வளவு வேகமா வந்தது, கையிருப்புல எத்தனை செகண்ட் படம் இருக்குன்னு பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்துல கேட்கலாம்னு அதுவே கணக்குப் போடும். ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் வைஃபைல ஹீரோ முகம் திடீர்னு மெழுகுப் பொம்மை மாதிரி ஆகுதே, அப்போ உங்க போன் கீழ்த் தரத்துத் துண்டைக் கேட்டிருக்குன்னு அர்த்தம். படம் நிக்கறதை விட மங்கறது மேல்னு அது முடிவு பண்ணியிருக்கு.

அந்தத் துண்டுகள் அமெரிக்காவுல இருந்து வர்றதில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன்னோட சர்வர் பெட்டிகளை இன்டர்நெட் கம்பெனிகளோட கட்டடத்துக்குள்ளேயே இலவசமா வைக்குது. கூட்டம் குறைவான நேரத்துல, நாளைக்கு மக்கள் எதைப் பார்ப்பாங்கன்னு கணிச்சு, அந்தப் படங்களை முன்கூட்டியே அதுல நிரப்பிடும். யோசிச்சுப் பார்த்தா இது மாமா செஞ்ச வேலைதான். வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போய், சனி ஞாயிறு எது ஓடும்னு கணிச்சு அள்ளிக்கிட்டு வருவார். அடிக்கடி தப்பாவும் கணிப்பார்.

டிஸ்க்குக்கும் இதுக்கும் அடிப்படை வித்தியாசம் பிழையைக் கையாளற விதத்துலதான் இருக்கு. டிஸ்க்கை அச்சடிச்சு அனுப்பிட்டா, "அந்த பிட் வரலை, திரும்பக் கொடு"ன்னு பிளேயரால யார்கிட்டயும் கேட்க முடியாது. அதனால முதல்லயே கூடுதல் பைட்டுகளை வச்சு அனுப்பணும். ஸ்ட்ரீமிங்ல தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்பக் கேட்டுக்கலாம். அதான் டிஸ்க் கெட்டா படத்துல கட்டம் விழும், நெட் கெட்டா வட்டம் சுத்தும்.

தரம் எது மேல்? எண்ணை மட்டும் பார்த்தா டிஸ்க். சாதாரண ப்ளூ-ரே படத்துக்கு மட்டும் செகண்டுக்கு 40 மெகாபிட் வரைக்கும் கொடுக்கலாம், 4கே ப்ளூ-ரே மொத்தமா 128 வரைக்கும் போகும். நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க 15 மெகாபிட் இணைப்பு போதும்னு சொல்லுது. ஆனா கோடெக்கும் வளர்ந்திருக்கு. எம்பெக்-2 செய்யற வேலையை ஹெச்.264 கிட்டத்தட்ட பாதி பிட்ல செய்யும், ஹெச்இவிசி அதுலயும் பாதி. அதனால எட்டு மடங்கு எண் வித்தியாசம் கண்ணுக்கு எட்டு மடங்கா தெரியாது. இருட்டுக் காட்சியில, மழையில, புகையில மட்டும் தெரியும். சத்தத்துல இன்னும் தெளிவாத் தெரியும். நல்ல ஹோம் தியேட்டர் வச்சிருக்கிற சித்தப்பா, பெரியப்பா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.

யார் கையில இருக்கு படம்?

இதுவரைக்கும் சொன்னதுல ஸ்ட்ரீமிங்தான் ஜெயிச்சிருக்கு. ஜெயிக்க வேண்டியதுதான். மாமா கடையில இருந்த தமிழ்ப் படம் சில நூறு, மலையாளப் படம் ஒண்ணுகூட இல்லை. இன்னைக்கு சப்டைட்டிலோட கொரியப் படம் பார்க்கிற பையன் துறையூர்லயே இருக்கான். டிஸ்க் காலத்தைப் பொற்காலம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பொற்காலத்துல பாதி திருட்டு பிரிண்ட், தியேட்டர்ல முன்னாடி உட்கார்ந்தவர் தலையோட.

ஆனா ஒண்ணு மாறிப் போச்சு, அதை நாம கவனிக்கலை. 'அன்னபூரணி' படம் 2023 டிசம்பர் 1-ல தியேட்டர்ல வந்தது. அந்த மாசக் கடைசியில நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது. மத உணர்வைப் புண்படுத்துதுன்னு புகார் கிளம்பி, 2024 ஜனவரியில உரிமம் கொடுத்தவங்க கேட்டுக்கிட்டதால அங்கிருந்து எடுத்தாங்க. படத்தைப் பத்தி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். நான் கேட்கிறது எளிமையான கேள்வி: விசிடி காலமா இருந்தா, ஏற்கெனவே வித்த டிஸ்க்கை யார் வீட்டு பீரோவுல இருந்து யார் எடுத்திருக்க முடியும்? சர்ச்சையே இல்லாத படமும், உரிம ஒப்பந்தம் முடிஞ்சா ஒரு நாள் காலையில காணாமப் போயிடுது. பாதி பார்த்து விட்ட படத்தைத் தேடி ஏமாந்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிச்சயம் இருப்பீங்க.

"நான் சந்தா கட்டலை, காசு கொடுத்தே வாங்கினேன்"னு சொல்றவங்களுக்கும் இதே நிலைமைதான். 2009-ல அமேசான், கிண்டில்ல காசு கொடுத்து வாங்கினவங்களோட கருவியில இருந்தே ஆர்வெல்லோட '1984' நாவலைத் தூரத்துல இருந்து அழிச்சது. வித்தவங்களுக்கு உரிமை இல்லைங்கிறது காரணம், காசும் திருப்பிக் கொடுத்தாங்க. எந்தப் புத்தகத்துக்கு அது நடந்ததுன்னு பாருங்க! கலிஃபோர்னியாவுல 2025-ல இருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கு. டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு"ன்னு பட்டன் வச்சா, நீங்க வாங்கறது உரிமம் மட்டும்தான்னு தெளிவா சொல்லணும். நம்ம ஊர் ஆப்கள்லயும் விதிமுறைகளை ஒருமுறை பொறுமையா படிச்சுப் பாருங்க, அதே விஷயம் நாலாவது பக்கத்துல இருக்கும்.

டவுன்லோட் பட்டன் இருக்கேன்னு கேட்கலாம். அந்த ஃபைல் பூட்டின பெட்டி, சாவி சர்வர்ல. ஆண்ட்ராய்டுல அந்தப் பூட்டு வைடுவைன். உங்க போன்ல எல்1 அளவு இருந்தா ஹெச்டி கிடைக்கும், எல்3 மட்டும்னா அதே காசு கட்டினாலும் பெரும்பாலும் கீழ்த் தரம்தான். டிவிடியிலயும் பூட்டு இருந்தது. 1999-லயே நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் ஜோஹான்சன் பேரோட டிசிஎஸ்எஸ் புரோகிராம் வெளிவந்து அது உடைஞ்சது. ஆனா அந்தப் பூட்டுக்குச் சாவி பிளேயருக்குள்ளேயே இருந்தது. கம்பெனி மூடினாலும் டிஸ்க் ஓடும்.

சித்தி டிவிடி

சரி, அந்த டிஸ்க். கையில இருந்தா போதும்னு நான் இதுவரைக்கும் பேசினதை அது பாதி பொய்யாக்கிடுச்சு.

கடையில வித்த படம், அச்சுல அடிச்சது. அதுல குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிஞ்சிருக்கும், மேல அலுமினியப் பூச்சு. கல்யாண டிவிடி அப்படி இல்லை. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர்ல எழுதினது. உள்ளே ஒரு சாயப் பூச்சு இருக்கும், லேசர் அதைச் சுட்டுச் சுட்டுத் தடம் போடும். சாயம்னா வெயில், சூடு, ஈரம் எல்லாத்துக்கும் வெளுக்கும். நம்ம ஊர் பீரோவுல மே மாசம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். உங்க வீட்டுல இருக்கிறதும் அநேகமா இந்த வகைதான். அடிப்பக்கம் லேசா ஊதா நிறம் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம்.

நண்பனோட அண்ணன் டிரைவ்ல போட்டேன். ரெண்டாவது டிஸ்க் ஒழுங்கா காப்பி ஆச்சு. முதல் டிஸ்க் 80 சதவீதத்துல நின்னு கர் கர்னு சத்தம் போட ஆரம்பிச்சது. சாதாரண காப்பி பேஸ்ட் ஒரு செக்டர் படிக்க முடியலைன்னா அங்கேயே கையை விரிச்சிடும். அதுக்கு லினக்ஸ்ல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு. முதல்ல படிக்க முடிஞ்சதை எல்லாம் வேகமா எடுத்துக்கும், முடியாத இடங்களைக் குறிச்சு வச்சுக்கும், அப்புறம் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய் முயற்சி பண்ணும். நடுவுல நிறுத்திட்டு மறுநாள் தொடரலாம். வேற டிரைவ்ல போட்டும் தொடரலாம், ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில பார்த்தா 4.3 ஜிபியில 11 மெகாபைட் வரலை. படத்துல கணக்குப் போட்டா 18 செகண்ட்.

டிஸ்க் உள்ளே இருந்து வெளியே எழுதப்படும், கைரேகையும் கீறலும் ஓரத்துலதான் அதிகம். அதனால போறது எப்பவும் கடைசிப் பகுதி. முகூர்த்தம் தப்பிச்சது, பந்தியிலதான் அடி. எங்க தாத்தா பந்தி நடுவுல நின்னு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடற இடத்துல படம் ஒரு தாவு தாவுது. அவர் 2013-ல இறந்துட்டார். அவர் குரல் வேற எதுலயும் பதிவாகலை. தாவலுக்கு முன்னாடி "ஏம்ப்பா, அந்தப் பக்கம் சாம்பார்..." வரைக்கும் இருக்கு.

ஹேண்ட்பிரேக்ல போட்டு ஹெச்.264-ஆ மாத்தி சித்திக்கு அனுப்பிட்டேன். ஒரு எச்சரிக்கை: பழைய கல்யாண வீடியோ எல்லாம் இன்டர்லேஸ்டு. மாத்தும்போது டீஇன்டர்லேஸ் டிக் பண்ண மறந்தா, ஆள் நடந்தாலே சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். நான் மறந்துட்டு ரெண்டு முறை செஞ்சேன். விசிடியா இருந்தா உள்ளே எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்கிற டாட் ஃபைலை விஎல்சி அப்படியே ஓட்டும். மேலே சொன்ன மாதிரி விசிடியில ஒரு அடுக்கு பிழை திருத்தம் குறைவு, அதனால அதை முதல்ல காப்பி பண்ணுங்க. காப்பி பண்ணின அசல் ஃபைலை ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணுன்னு வச்சிடுங்க.

இப்போ நாங்க நாலு பேர் சேர்ந்து யூஎஸ்பி டிவிடி டிரைவ் ரெண்டு வாங்கியிருக்கோம், ரெண்டும் வேற வேற கம்பெனி. அடுத்த லீவுக்குப் போறப்போ வீட்டுல பீரோ, பரண், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி தேடிப் பாருங்க. கிடைச்ச டிஸ்க்கைத் துடைக்கிறதா இருந்தா நடுவுல இருந்து ஓரத்துக்கு. கவர் மேல பேரும் ரூம் நம்பரும் எழுதி, கூடவே ஒரு காலி பென்டிரைவ். மதிய இடைவேளையில எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்ச்.